தாழ்ப்பாள் இல்லாத கதவு

போடிமெட்டில் மூன்று நாள் முகாம்.
மாணவர் பேரவைக்காரர்கள் முப்பது பேர்.
கண்ணை மூடிப் பின்னால் சாயுங்கள்,
நிற்பவள் தாங்குவாள் என்றார் பயிற்சியாளர்.
ஜின்ஸி சாய்ந்தாள்.
கடைசி நொடியில் ஒரு காலைப் பின்னால் ஊன்றிக்கொண்டாள்.
நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை எனக்கு.
பதினோரு ஓட்டில் அவளிடம் தோற்றவள் நான்;
அவளைக் குறை சொல்ல முடியாது.

இரவு ஒன்றரைக்குப் போர்வையை இழுத்தாள்.
"பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்ல. வர்றியா?"
ஏலச்செடிகளுக்குள் ஏதோ சரசரத்தது.
அட்டைக்குப் பயந்து கையில் உப்புப் பொட்டலம்,
தகரக் கதவில் முதுகு.
"போயிட்டியா?"
"இல்ல."
"பேசிக்கிட்டே இரு."
என்ன பேச?
எங்கள் பஸ் நிற்கும் இடங்களைச் சொன்னேன்:
போடி, முந்தல், புலியூத்து,
போடிமெட்டு. அதற்கு மேல் போனதில்லை.
உள்ளிருந்து அவள் தொடர்ந்தாள்:
பூப்பாறை, அங்கதான் எங்க வீடு,
பெரியகானல், தேவிகுளம், மூணாறு.

பிறகு நான் உள்ளே போனேன்.
காற்று அடித்தது. கதவு அசையவில்லை.
மூணாறிலிருந்து இறங்கத் தொடங்கியது அவள் குரல்.
"பெரியகானலை விட்டுட்ட" என்றேன்
இருட்டில் குந்தியபடி.

சிரித்துக்கொண்டே
வண்டியை ரிவர்ஸ் எடுத்தாள்.