அரைப் பாகம் கயிறு

அரியாங்குண்டு தாண்டியதும்
காலுக்குக் கீழே படாரென்று ஒரு சத்தம்.
அப்புறம் இஞ்சின் மட்டும் கத்தியது.
முறுக்க முறுக்கக் கத்தியதே தவிர
வண்டி ஓரடி நகரவில்லை.
முன்னால் பாத்திரத்தில் இருநூறு இடியாப்பம்.
மணி ஐந்தேகால்.
லாட்ஜில் வடக்கத்திக்காரர்கள்
தீர்த்தமாடி ஈரத்தோடு வந்து
தட்டைப் பார்ப்பார்கள்.

தங்கச்சிமடம் வரை தள்ளினேன்.
கச்சான் காற்று எதிரே நின்று
பல்லுக்குள் மணலை வைத்தது.

வீட்டில் கஸ்பார் தூக்கம்.
தடைக்காலத்தின் நாற்பத்தோராம் நாள்.
விசைப்படகு டிரைவர்,
ஆறு சிலிண்டரை இருட்டில் காதாலேயே
சரி பார்க்கிறவர்.
"ஸ்கூட்டியெல்லாம் எனக்குத் தெரியாது செலஸ்டி.
அது பொம்மை" என்று புரண்டு படுத்தார்.

மெக்கானிக் சொன்ன தொகை
பதினொரு நாள் இடியாப்பம்.
ராமநாதபுரத்துக் கடைக்குப் போன் போட்டு
பெல்ட்டை மட்டும் பஸ்ஸில் ஏற்றச் சொன்னேன்.
கண்டக்டர் படியில் நின்றபடி
ரப்பர் வாசத்தை என் கையில் போட்டுவிட்டு
விசில் ஊதினார்.

கவரின் உருவத்தை அட்டையில் வரைந்து
எந்த போல்ட் எந்த ஓட்டையோ
அந்த இடத்தில் குத்தி வைத்தேன்.
ஏழு வந்துவிட்டது.
எட்டாவதை உப்பு தின்றிருந்தது.
தலை மழுங்கி, ஸ்பேனருக்குள் விலாங்காய் வழுக்கியது.
மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம்.
காத்திருந்த நேரத்தில் சண்டை போட்டோம்,
இன்னும் வராத நிவாரணப் பணத்துக்காக,
அவர் தங்கச்சி கல்யாணக் கடனுக்காக,
அப்புறம் எதற்கென்றே தெரியாமல்.
சுத்தியலால் ஒரு தட்டு. வந்தது.

திறந்தால் உள்ளே கருப்புப் பஞ்சு.
அறுந்த பெல்ட் நார்நாராய்ப் பிரிந்து
அச்சைச் சுற்றிக் கிடந்தது.
ஒரு நார் பறந்து என் கண்ணில் விழ
இமையை விரித்து ஊதினார்.
சண்டையை எந்த இடத்தில் விட்டோமென்று
இரண்டு பேருக்கும் நினைவில்லை.

முன்பக்க நட்டு.
திருகினால் இஞ்சினும் கூடவே சுற்றுகிறது.
பிடித்து நிறுத்த ஆயுதம் கிடையாது.
கஸ்பார் எழுந்து போய்
மடிவலையில் மிஞ்சின பச்சை நைலான் கயிற்றோடு வந்தார்.
பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே
ஆழம் பார்க்கிறவர் போல
விரலால் தொட்டுத் தொட்டு இறக்கினார்.
"கால் பாகம்...
அரைப் பாகம்...
போதும். இப்ப சுத்து."
பிஸ்டன் ஏறி வந்து
கயிற்றை மிதித்து நின்றது.
ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி
இரண்டு பேரும் தொங்கினோம்.
டக்.

புதுசை மாட்டினார், அம்புக்குறி சரியாய்த்தான் பார்த்தது.
மாட்டின வேகத்தில் நட்டை இறுக்கப் போனார்.
"இருங்க.
பின்னால வாயைப் பிரிச்சு பெல்ட்டை உள்ளே அமுக்குங்க.
முன்னால தொய்வா இருக்கணும்.
இல்லாட்டி நட்டு பெல்ட்டைத்தான் கடிக்கும்."
"தொய்வா இருந்தா எப்படி இழுக்கும்?"
"ஓடினா தானா ஏறிக்கும்."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
"எங்க படிச்ச?"
"பஸ்ஸுக்குக் காத்திருந்தப்ப.
போன்ல மூணு தடவை பார்த்தேன்."

கயிறு வெளியே வந்தது, பாதி பச்சை, பாதி கரி.
மழுங்கின எட்டாவது போல்ட்
திரும்பிப் போக மறுத்துவிட்டது.
அந்த ஓட்டை காலி.
ஸ்டாண்டில் நிறுத்தி பட்டனை அமுக்கினேன்,
பின்சக்கரம் சுற்றியது.
அவர் குனிந்து கவருக்குப் பக்கத்தில் காதை வைத்து
கண்ணை மூடிக்கொண்டார்.
"போதும், பெட்ரோல் போகுது" என்று
நான் சொல்லும் வரை அப்படியே இருந்தார்.
பழைய பெல்ட்டில் இரண்டு துண்டு வெட்டி
கோழிக்கூட்டுக் கதவுக்குக் கீல் அடித்தார்.

மறுநாள் நாலு மணி.
மாவு இறுகிப்போய் நாழி நகரவில்லை.
பின்னால் வந்து நின்றவர்
கைப்பிடியைப் பார்த்துவிட்டு,
"அந்தக் குழாயைக் கொண்டாரவா?"
"நகக்கண்ணெல்லாம் கிரீஸு. மாவைத் தொடாதீங்க."
கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அரியாங்குண்டு வந்ததும்
என்னையறியாமல் கை இளகியது.
ஒன்றுமில்லை.
காற்று இப்போது முதுகுப்பக்கம்.
முறுக்கினேன்.