ஏழாவது கட்டம்

விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரு வரி,
வீட்டு எண்ணுக்கு ஒரு வரி,
வீடு இருந்தது என்பதற்கு
இரண்டு சாட்சிகளின் கையொப்பம்.
ஏழாவது கட்டம்
கட்டைவிரல் அகலம்தான்:
"சேதத்துக்குப் பொறுப்பு யார்?
ஒருவரை மட்டும் குறிப்பிடவும்."

பெங்காஸி, ஸப்ரி பகுதி, இழப்பீட்டு அலுவலகம்.
இரண்டாம் மாடி. படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை.
எட்டு மணிக்கு வரிசை,
எட்டேகாலுக்கு வாக்குவாதம்.

வலை பின்னும் ஸாலிஹீன் ஆரம்பிக்கிறார்:
விமானம் அனுப்பியவன்தான், வேறு யார்?
பாம்பை அடிக்கக் கூரையைப் பிரித்தான், சரி.
பாம்பு செத்தது.
கூரையை யார் வேய்வது?
அவன் கைகழுவிவிட்டு
சாப்பிடப் போய்விட்டான்.

பல் மருத்துவர் இன்திஸார்
கைப்பையை என் மேசைமேல் வைக்கிறார், சத்தத்தோடு.
விமானம் வராமலிருந்தால்
அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு
குறை சொல்ல நீங்கள் மிஞ்சியிருப்பீர்களா?
நாற்பத்திரண்டு வருடம்
ஒரே ஆள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தான்.
ஒரு பூட்டைத் திறக்கவோ மூடவோ
நமக்குப் பழக்கவில்லை.
எழுதுங்கள் அவன் பெயரை.

செத்தவன் தலையில் எதையும் ஏற்றலாம்,
என்கிறது பின்வரிசை,
கழுத்து வலிக்காது அவனுக்கு.

ஒரு காது கேளாத பையன்
தேவைக்கு மேல் உரக்கப் பேசுகிறான்:
எங்கள் தெருவில் சுட்டவன்
கடல் தாண்டி வரவில்லை.
மூன்றாம் வீட்டிலிருந்து வந்தான்.
கணக்குப் பாடத்தில்
என்னைப் பார்த்து எழுதியவன்.

துப்பாக்கி? என்கிறார் ஸாலிஹீன்.
துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

அந்த இடத்தில் மட்டும்
எல்லோரும் கொஞ்சம் இருமிக்கொள்கிறார்கள்.

எனக்குக் கேட்பதற்குத்தான் சம்பளம்.
பென்சிலில் எழுதுகிறேன்.
மாதம் ஒரு ரப்பர் தேய்கிறது.
பிரதிகள் இரண்டு:
ஒன்று இங்கே, கிழக்கின் அமைச்சகத்துக்கு,
ஒன்று திரிபோலிக்கு.
இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பிறை முத்திரை.
இரண்டும் அனுப்பும் பதிலும் ஒன்றே:
"மற்ற அலுவலகத்தை அணுகவும்."
ஒருமுறை ஒரு தூதரகம் எழுதியது,
வழவழப்பான தாளில்:
"பாடங்கள் கற்றுக்கொண்டோம்."
எங்கள் பள்ளிக்குத்தான்
இன்னும் கூரை போடவில்லை.

இவர்களிடம் நான் சொல்லாதது:
அந்த மார்ச் மாதச் சனிக்கிழமை
மொட்டைமாடியில் நின்று
வானத்தைப் பார்த்துக் கைதட்டினேன்.
உள்ளங்கை சிவக்கும்வரை.
நகரத்துக்கு வெளியே எரிந்த டாங்கிகள்
என் பிள்ளைகளை நோக்கி வந்தவை.
அதை மறுத்தால் நாக்கு அழுகிவிடும்.

அக்டோபரில்
காவலில்லாத படைக்கிடங்குக்குப் போக
மைத்துனன் வனீஸ் என் பிக்கப் வண்டியைக் கேட்டான்.
பெட்ரோல் நிரப்பிக் கொடு, என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
விடியலில் வண்டி திரும்பியது,
பின்பக்கம் தாழ்ந்து.
தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை.
பெட்ரோல் முள் முழுசாக நின்றது.
சொன்ன சொல் தவறாதவன் வனீஸ்.

பத்தரை மணிக்கு மின்சாரம் போகிறது.
அதற்கும் ஒரு சுற்று வாக்குவாதம்.

மப்ரூகா என்ற பெண் இதுவரை வாய் திறக்கவில்லை.
மடியில் ஒரு கதவின் பித்தளைக் குமிழ்,
வீட்டுக்கு அத்தாட்சி.
யார் பெயரைப் போட்டால் பணம் வரும்?
என்று கேட்டாள்.

எந்தப் பெயருக்கும் இதுவரை வரவில்லை, என்றேன்.

அப்படியானால் உங்கள் கையெழுத்தில்
எது அழகாக வருமோ
அதைப் போடுங்கள், என்றாள்.

பென்சிலைச் சீவினேன்.
தேவைக்கு மேலேயே சீவினேன்.
என் பெயர் மூன்றெழுத்து.
கட்டைவிரல் அகலத்தில்
தாராளமாக அடங்கும்.

வரிசை பார்த்துக்கொண்டிருந்தது.
குமிழின் பித்தளையில்
என் முகம் நீளமாகத் தெரிந்தது.

கட்டத்தை அப்படியே விட்டுத்
தாளைத் திருப்பி வைத்தேன்.
மூன்று வருடப் பழக்கத்தில்
வாய் தானாகவே சொன்னது:

அடுத்தவர்.