சோதனை முடிந்த பிறகு

சம்மாந்துறையில் ஏறினால் மல்வத்தை வரைக்கும் நின்றுகொண்டுதான்.
அங்கே யாராவது இறங்குவார்கள்.
இடம் கிடைத்ததும் வழிகாட்டியைத் திறப்பேன்:
தங்களது கடிதம் கிடைக்கப்பெற்றது.
மேற்படி விடயம் தொடர்பாக.
இந்தச் சிங்களத்தில் ஒருவருக்கும் பசிப்பதில்லை.

மூன்று வருடம். இரண்டு தடவை பெயில்.
நிறுத்திவைத்த சம்பள உயர்வு
ஒவ்வொரு எழுத்தின் சுழியிலும் குந்தியிருந்து
என்னையே பார்க்கும்.

அம்பாறை நீர்ப்பாசனக் கந்தோரில்
குசுமலதா டெலிபோன் மேசைக்காரி.
லாச்சிக்குள் வைத்து வாசிப்பாள்,
அழைப்பு வந்தால் முழங்காலால் தள்ளி மூடுவாள்.
ஒருநாள் அவள் லீவு. அவள் கதிரையில் நான்.
லாச்சி பூட்டவில்லை.

அட்டை இல்லை, முதல் பதினொரு பக்கமும் இல்லை.
ஒருத்தி ரயிலால் இறங்குகிறாள்.
கூட்டிப்போக யாரும் வரவில்லை.
ஏன் வரவில்லை?
அகராதி வீட்டில் கிடந்தது.
மாரிக்குக் குழி விழுந்த றோட்டில் சைக்கிள் ஓடுகிற மாதிரி
தெரியாத சொற்களை
விலத்தி விலத்திப் போனேன்.
வீட்டுக் கதவைத் திறந்தவள்
"பாளுயி" என்றாள்.

நின்றுவிட்டேன்.
பாழ்.
நம்முடைய சொல்தானோ? எப்போது அந்தப் பக்கம் போனது?
போன இடத்தில் அது
இடிந்து கிடக்கவில்லை, தனித்திருக்கிறது.
யாரும் சொல்லித் தரவில்லை,
இருட்டிய பிறகும் அவள் லைட்டைப் போடாததில் விளங்கிற்று.

அன்றைக்கு மூன்று அழைப்புத் தவறியது.
ஒன்று பணிப்பாளருடையது.

மறுநாள் குசுமலதா ஏசவில்லை.
"எந்த இடத்தில் நிற்கிறாய்?" சிங்களத்தில் கேட்டாள்.
"கடிதத்தை எரிக்கிற இடம்." சிங்களத்தில் சொன்னேன்,
பிழையாகத்தான். அவள் திருத்தவில்லை.
"ஐயோ, அதற்குப் பிறகு..."
இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

சோதனையில், வாய்க்கால் உடைப்பைப் பற்றி
மேலதிகாரிக்கு ஒரு கடிதம்.
"இரவெல்லாம் தாங்கியிருந்த கரை
விடியும்போது விம்மி உடைந்தது" என்று
கை தன்பாட்டில் எழுதிவிட்டது.
நாற்பத்திரண்டு புள்ளி. பாஸ்.
திருத்தியவர் சிரித்திருப்பார், அல்லது
அவருக்கும் ஒரு லாச்சி இருக்கும்.

வழிகாட்டியைப் பாதி விலைக்கு விற்றாயிற்று.
"என்ன புள்ள, சோதனைதான் முடிஞ்சிட்டே,
இன்னும் என்னத்தப் படிக்கிறாய்?" என்கிறார் இவர்.
படிக்கவில்லை, வாசிக்கிறேன்.
வித்தியாசம் சொல்ல இப்போது நேரமில்லை:
ரயிலால் வந்தவளின் தங்கை
கதவைத் தட்டுகிறாள்.