ஆயரம்மா

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து
அந்தச் சொல்லுக்கு ஆயரின் மனைவி என்றே பொருள்.
முன்வரிசையில் கைவைத்த நாற்காலி,
பெண்கள் ஐக்கியத்தின் தலைமை,
கிறிஸ்துமஸ் கேக்கில் முதல் துண்டு.

பிறகு ஹெப்சிபா வந்தார், தாமே அங்கி உடுத்து.
தண்டையார்பேட்டையில் ஒருவருக்கும்
கூப்பிடத் தெரியவில்லை.
ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஆயர் என்றார்கள்.
மற்றவர்கள் ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லி
நழுவினார்கள்.
அவர் கணவர் தேவசித்தம்
மணலியில் இரவு ஷிப்ட் முடித்து
எண்ணெய் வாடையோடு வருவார்,
கடைசி பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டுத் தூங்குவார்.
நாற்காலி கொஞ்ச நாள் சும்மா கிடந்தது.
அப்புறம் காணிக்கைப் பைகளை அதில் வைத்தார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை.
இடப்பக்கம் இவர்.
வலப்பக்கம், ராயபுரத்திலிருந்து ஆட்டோவில் வரும்
ஓய்வுபெற்ற ஆயர்.
முட்டி போடும்போது சபை மெல்ல வலப்பக்கம் சாயும்,
பாரம் சரியாக ஏற்றாத படகு மாதிரி.
அங்கே தோளோடு தோள்.
இங்கே நானும், காது கேளாத சலோமி அக்காவும்,
நடுவில் நாலு பேருக்கு இடமும்.

பெண்கள்தான் முதலில் விலகினார்கள்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
"இன்னிக்கு அவங்களுக்கு எத்தினியாவது நாளோ"
என்றாள் என் நாத்தனார்
பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்து.

எனக்கு வேலை ஸ்டான்லியில், ரத்த வங்கியில்.
பையின் மேல் குரூப் எழுதுவோம், தேதி எழுதுவோம், ஒரு எண்.
வேறெதுவும் எழுதுவதில்லை.
போன லெந்து நாட்களில்
பொருளாளர் ஞானாபரணத்துக்கு பைபாஸ்.
நாலு பை ஏறியது.
ஆணுடையதா பெண்ணுடையதா என்று அவர் கேட்கவில்லை.
இப்போது வலக்கோடியில், இடம் போதாமல்,
ஒற்றை முட்டியில் தடுமாறி
இரத்தம் என்று சொல்லிக் கொடுப்பதைக்
கண்மூடிக் குடிக்கிறார்.

போன முதல் ஞாயிறு கரண்ட் போனது.
மைக் இல்லை, காற்றாடி இல்லை,
வெளியே துறைமுகத்துக்கு வரிசை கட்டிய
கன்டெய்னர் லாரிகளின் ஹாரன்.
பெரிய ஆயரின் குரல் இரண்டாம் பெஞ்சைத் தாண்டவில்லை.
ஹெப்சிபா கிண்ணத்தை உயர்த்தினார்.
காசிமேட்டில் விடியற்காலை ஏலம் கூறுகிறவளின் தொண்டை
அவருக்குள் எங்கிருந்ததோ,
எல்லாரும் என்ற சொல்லுக்கு வந்து
அங்கேயே நின்று மூச்சு வாங்கினார்.

ஞானாபரணம் அசையவில்லை.
என் நாத்தனார் எழுந்து வந்து
என் பக்கத்தில் முட்டி போட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், நான் கேட்காமலே,
"அந்தப் பக்கம் ஒரே புழுக்கம்,
இந்தப் பக்கம்னா ஜன்னல் இருக்குது" என்றாள்.

இருக்கிறது.
போன புயலுக்கு ஆணி அடித்து மூடியது.
இன்னும் யாரும் பிடுங்கவில்லை.