மற்றவை

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது கிலோமீட்டர்.
கேட்டில் ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்,
டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார்கள்.
காவலர் பிரபாகரனுக்கு என் அடுப்படி மனப்பாடம்:
திங்கள் புளிச்சோறு, செவ்வாய் மிச்சம்.

விஞ்ஞானி இல்லை நான்.
அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்,
அம்மா ஊரில் வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறாள்.
வான்வெளி ஆய்வு நிறுவனத்தின் பின்கட்டிடத்தில்
ஏசிக்குக் கீழே பதினோரு பேர், எல்லாம் காண்டிராக்ட்,
பெட்டி போடுகிறவர்கள்.
மேலிருந்து வரும் படத்தில்
ஆளைச் சுற்றி ஒரு பெட்டி, லாரியைச் சுற்றி ஒரு பெட்டி.
பெட்டிக்கு நாற்பது பைசா.
ஆயிரம் போட்டால் நானூறு ரூபாய்,
கண்ணெரிச்சல் தனி.

ஆடி பிறந்ததும் கணவாய்க் காற்றில் சோதனை.
ஆளில்லா விமானம் காற்றைக் குறுக்கே கிழித்துக்கொண்டு
கொழிஞ்சாம்பாறைத் தோப்புகள் மேல் போனது.
மேலிருந்து பார்த்தால் தென்னை மரமே இல்லை.
பச்சை நட்சத்திரம்,
பக்கத்தில் கழற்றிப்போட்டதுபோல் நிழல்.

படம் 20,417.
ஒரு நட்சத்திரத்தின் நடுவில் ஆள்.
பாளை சீவ ஏறியவர்.
இடுப்பில் குடுக்கை, தூக்கிய கையில் அரிவாள்,
முகம் ஆறே புள்ளி.
ஆனாலும் தலைத்துண்டைக் கட்டியிருந்த விதத்தில் தெரிந்துவிட்டது,
எங்கள் ரோட்டு ஆறுச்சாமி.
காக்கையை விரட்டுகிறாற்போல
அரிவாளை வீசிக்கொண்டிருந்தார்.

எந்திரம் தானாகவே சிவப்பில் பெட்டி போட்டிருந்தது:
ஆயுதம், 0.71.

எனக்குத் தந்திருக்கும் பட்டியல் இவ்வளவுதான்:
மனிதன், வாகனம், விலங்கு, ஆயுதம், மற்றவை.
கருவி என்று ஒன்று இல்லை.
பிழைப்பு என்று ஒன்றை
யாரும் எதிர்பார்க்க முடியாதுதான்.
மற்றவை என்று போட்டேன்.

மறுநாள் ஸ்ரீலேகா மேடம் நாற்காலியை இழுத்து
என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
கழுத்துவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார், நல்ல மனுஷி.
பிறகு, மோளே,
மற்றவை இரண்டு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது,
எந்திரம் குழம்புகிறது.

அவர் போனதும்
பெட்டியையே அழித்துவிட்டேன்.
அழித்த பெட்டிக்குக் கூலி கிடையாது.
அரிவாள் இல்லை, ஆள் இல்லை,
காற்றில் ஓலை மட்டும்.
அதேபோல் இன்னும் முப்பத்தெட்டு மரங்களில்
முப்பத்தெட்டுப் பேரைக் கீழே இறக்காமலே
காணாமல் ஆக்கினேன்.
பதினைந்து ரூபாய் அறுபது பைசா நஷ்டம்.

இரண்டு வாரம் கழித்து வந்த படங்களில்
அதே தோப்பு, அதே தலைத்துண்டு.
எந்திரம் அவர்மேல் அலட்டாமல் கடந்து போனது.
சந்தோஷமாகத்தான் இருந்தது, மத்தியானச் சாப்பாடு வரைக்கும்.
புளிச்சோற்றில் கடுகு பொறுக்கும்போது தோன்றியது:
மரத்தில் கத்தியோடு இருப்பவன் ஒன்றுமே இல்லை என்று
அதற்கு நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.
இது பறக்கப்போவது இங்கே இல்லை.
போகிற இடத்தில் என்ன மரமோ,
அதில் யாரோ,
ஒன்றுமே இல்லாதவன்மேல் எது விழுந்தால்
யார் கணக்கில் எழுதுவார்கள்.

கேட்க ஆள் இல்லை.
பிரபாகரனிடம் ஃபோனை வாங்கிக்கொண்டு
ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன்.

அத்திக்கோட்டில் ஆறுச்சாமி ஏறினார்.
கள்ளு வாசம், பாளைக் கறை படிந்த விரல்கள்,
சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு
என் சீட்டுக் கம்பியைப் பிடித்து நின்றார்.

அம்மிணி, மேல ஒண்ணு வட்டம் போடுதே,
உங்க ஆபீஸ்துங்களா?

ஆமாங்க.

அது என்னையப் பாத்துச்சுங்களா?

இல்லைங்க என்றேன்.
என் வாயிலிருந்து அன்றைக்கு வந்த
ஒரே சுத்தமான உண்மை.

முகம் கொஞ்சம் வாடிவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:
அப்படீங்களா. டாட்டா காட்டுனனே.
கையில அருவா இருந்ததுல
அதுக்குத் தெரியாமப் போச்சோ என்னமோ.