இடம் வலம்

காந்தத்தை அருகே கொண்டுபோனேன். ஒட்டிக்கொண்டது.
அப்படியானால் இரும்புத் தகடு.
ரெய்னோ கெத்துலா தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.
அவர் பூட்ஸிலிருந்து சுப்பீரியர் ஏரிக்கரைப் பனி உருகி
ஆவண அறையின் பலகைத் தரையில் ஓடியது.
"அண்ணன், தம்பி. ஒருவர் என் அம்மாவைப் பெற்றவர்.
யார் எவர் என்பது எங்களுக்குத் தெரியும்.
வருஷம் மட்டும் சொன்னால் போதும்."

வருஷம் எளிது.
பின்னால் திரைச்சீலையில் வரைந்த ஏரி,
படகில்லாத படித்துறை, ஒரு அன்னம்.
இந்த அன்னத்தைப் பதினொரு படங்களில் பார்த்திருக்கிறேன்.
சந்தைக்குச் சந்தை வண்டியில் சுருண்டு போன திரை அது.
தொண்ணூற்று மூன்று ஜூலையில்
அன்னத்தின் கழுத்துக்குக் கீழே கிழிந்தது.
அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் தையல் தெரியும்.
இதில் அது தையல் இல்லாமல் நீந்துகிறது.

ஆட்களில் ஒருவருக்கு முகம் இல்லை.
ஊசியால் சுரண்டி, அரக்கு உதிர்ந்து,
இரும்பு வெளியே வந்து, அதுவும் துருப்பிடித்து,
கழுத்துப்பட்டைக்கு மேல் ஒரு செம்பழுப்புப் புண்.

"அம்மா செய்தது. பதினாறு வயசில்.
அவள் வயிற்றில் இருக்கும்போதே
மொன்டானாவுக்கு ரயிலேறிய நெஸ்தோரி இவர்.
ஒரு கடிதம் இல்லை.
தம்பி இவாரி அதே குளிர்காலத்தில் செம்புச் சுரங்கத்துக்குள் போய்விட்டார்.
இரண்டு பேரையும் அவள் பார்த்ததில்லை.
சொல்ல வேண்டியவளும் சீக்கிரமே செத்துப்போனாள்.
அப்பாவுக்கு வலக்கையில் சுண்டுவிரல் கிடையாது,
அறுவை ஆலையில் போனது:
ஹில்யாவுக்குக் கிடைத்த சொத்து இந்த ஒரு வாக்கியம்.
பாருங்கள், இவருக்கு வலக்கையில் ஐந்தும் இருக்கிறது.
குறைவது இடக்கையில். ஆலையில் யாருக்குத்தான் குறையவில்லை!
அந்த ஆள் மட்டும் வலக்கையைக் கோட்டுக்குள் ஒளித்திருக்கிறான்.
ஒளித்தவன்தானே அப்பன்?"

நான் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு கோட்டுகளும் பெண்கள் சட்டைபோலப் பூட்டியிருந்தன.
நடுவில் முக்காலிமேல் பியர் புட்டி.
அதன் பெயர் கடைசி எழுத்தில் தொடங்கியது.

எப்படிச் சொல்வது?
தகட்டுப் படத்துக்கு நெகடிவ் கிடையாது,
கேமரா கண்டது கண்டபடி தகட்டில் விழும்,
முகம் பார்க்கும் கண்ணாடியில் விழுவதுபோல.
சொல்லவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து
கைக்கண்ணாடியை எடுத்துத் தகட்டுக்கு எதிரே பிடித்தேன்.
புட்டியின் பெயரை அவர் உரக்கப் படித்தார்.
பிறகு விரல்களை எண்ணினார்.
பிறகு இன்னொரு முறை.

ஹீட்டர் ஒரு தடவை அணைந்து எரிந்தது.

"தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருந்தாள்.
இந்த முகத்துக்குத்தான்
கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மெழுகுவர்த்தி ஏற்றுவாள்.
சித்தப்பா இருந்திருந்தால், சித்தப்பா இருந்திருந்தால் என்பாள்.
என் பெயரில் நடுவில் இவாரி இருக்கிறது."

நல்ல வேளை, அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது என்றார்.
உடனே, நல்ல வேளையா என்ன என்றும் கேட்டார்.

"துருவை எடுத்தால் அடியில் அவர் இருப்பாரா?"
இருக்க மாட்டார்.
படம் அரக்கின் மேல்தான் இருந்தது.
"ரோட்டு உப்பு தின்ற கதவு மாதிரி" என்று தலையாட்டினார்.
முப்பது வருஷம் பனி ஒதுக்கும் லாரி ஓட்டியவருக்கு
துருவைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது.

அட்டையை எழுத உட்கார்ந்தேன்.
காலம்: 1893, ஜூலைக்கு முன்.
பொருள்: தகட்டுப் படம், சேதமுற்றது.
நபர்கள், இடமிருந்து வலமாக:
பேனா அங்கே நின்றது.
யாருடைய இடம்?
அவர்கள் உட்கார்ந்திருந்த இடமா, நாம் பார்க்கிற இடமா?

ஜன்னல் வழியே பார்த்தால்
லாரியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.
இருக்கையில் அவர், இன்னும் அதே தொப்பி.
பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் கண்ணாடிக்கு நேரே
தகட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.
சற்றுத் தள்ளி, சற்றுக் கிட்டே.
தொப்பியைக் கழற்றி, தன் வகிட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறார்.

நாலு மணிக்குக் கடற்கரைச் சாலை மூடும் என்றது ரேடியோ.
இல்லை, ஏரிக்கரைச் சாலை. இங்கே எல்லோரும் கடல் என்றுதான் சொல்வார்கள்.
அதைத் திறக்க வேண்டியவர் அவர்தான்.