புள்ளி தெரிய வேண்டும்

முதலில் அட்டையில் வெட்டினேன்.
ஃபிரிட்ஜ் வந்த பெட்டி
கராஜுக்குள் இரண்டு வருடம் சும்மா நின்றது.
இருபத்தேழு அங்குலம் ஒன்று,
முப்பத்திரண்டு ஒன்று.
மூலைக்கு மூலை அளக்க வேண்டுமாம்.
அகலத்தை அளந்து ஒன்றைப் பாழாக்கிய பிறகுதான்
அது எனக்குத் தெரிந்தது.

துங்காபியில் பெப்ரவரி, நாற்பத்தொரு பாகை.
மேசையில் ஒரு கிழமை
அட்டையைச் சுவரில் சாத்திவைத்துக்
கதிரையைத் தள்ளியும் கிட்டியும் பார்த்தேன்.
தாரகா அதில் பேனையால் ஒரு பொத்தான் கீறி
அமத்திவிட்டுப் போனாள்.

பகலில் அந்த மேசை ஒரு லொறிக் கொம்பனி:
நூற்றுப் பதினெட்டுச் சாரதிகளுக்குச் சம்பளம்.
பின்னேரம் தாரகாவின் படங்கள்.
நிறம் பொய் சொல்லக் கூடாது என்கிறாள்.
ஒன்பதுக்குப் பிறகு செல்வரூபனின் கிரிக்கெட்.
பந்து வால் முளைக்காமல் ஓட வேண்டும் என்கிறான்.
பதினொன்றுக்கு மேல்
கோயில் ஆண்டு மலர்,
நூற்று நாற்பது பக்கம்,
பிழை பார்ப்பது நான்.
எனக்குப் புள்ளி தெரிய வேண்டும்.

போன வருடம் பழைய திரையில்
மெய்யெழுத்தெல்லாம் தலையில் தூசியோடு நின்றன.
எது புள்ளி, எது தூசி?
நாலாம் பக்கத்து நன்கொடைப் பட்டியலில்
இராசநாயகம் மாமா
இராசநாயகம ஆனார்.
ஐந்நூறு பிரதியிலும்
உதட்டை மூடவிடாமல் அவரை நிறுத்திவைத்தேன்.
இப்போது தேர் வீதியில் என்னைக் கண்டால்
அவர் வாயே திறப்பதில்லை.

பிளாக்டவுன் கடையில்
எல்லாத் திரையிலும் ஒரே கிளி,
ஒரே அறுத்த பழம்.
பழத்தை ஆர் நாள் முழுக்கப் பார்ப்பது?
நாலாம் பக்கத்தை யுஎஸ்பியில் கொண்டுபோயிருந்தேன்,
கூடவே ஒரு மாதச் சம்பள எக்செல்.
மிலாட் என்று பெயர் குத்திய பொடியன்
கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் செருகினான்.

இருபத்தேழில் எழுத்து கூர்மைதான், ஆனால் கடுகு.
பெருப்பித்தால் இடம் போச்சு.
நாற்பத்துமூன்றில் முதல் நிரலிலிருந்து கடைசி நிரலுக்குக்
கழுத்து டென்னிஸ் பார்த்தது.
வளைந்த ஒன்றில் சம்பளக் கோடெல்லாம் தொய்ந்து
கொடியில் துணி.
பளபளப்பான ஒன்றில்
நானும் எனக்குப் பின்னால் ஒரு டியூப் லைட்டும்.

முப்பத்திரண்டில், மினுக்கம் இல்லாத ஃபோர்-கேயில்,
ம்.
புள்ளி வட்டமாய், தனியாய்,
கீழே எழுத்தைத் தொடாமல்.

"இந்தப் புள்ளியெல்லாம் என்ன?" என்றான் மிலாட்.
சத்தத்தை நிறுத்துகிறது என்றேன்.
கொஞ்சம் குனிந்து பார்த்தான்.
தங்கள் அரபியிலும் எழுத்துக்கு மேலே
அப்படியொரு குட்டி வட்டம் உண்டாம்,
அதன் பெயருக்கே ஓய்வு என்றுதான் அர்த்தமாம்,
இப்போது ஒருவரும் போடுவதில்லையாம்.
பிறகு நினைவு வந்தவனாய்
மூன்று வருட உத்தரவாதம் வேணுமா என்று கேட்டான்.
வேண்டாம். கேபிளையாவது சும்மா தா என்றேன்.
தந்தான்.

வீட்டில் வந்து பெருக்கிப் பார்த்தேன், தொழில் புத்தி:
எண்பத்திரண்டு லட்சத்துத்
தொண்ணூற்று நாலாயிரத்து நானூறு புள்ளி.
அவ்வளவும் இருந்தும் முதல் நாள் கழுத்து நோ.
இரட்டைப் பார்வைக் கண்ணாடிக்காரி
நாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறேன்.
காலை ஆகக் கீழே இறக்கினேன்.
அதற்கு மேலால் இப்போது
குக்கரின் விசில் மட்டும் தெரிகிறது, அது போதும்.

பந்துக்கு இன்னும் சாடையாக வால் இருக்கிறதாம்.
இருக்கட்டும்.

நேற்று இரவு இந்த வருடத்து நாலாம் பக்கம்.
அவர் பெயரை முந்நூறு வீதம் பெருப்பித்து
உதடு மூடியிருக்கிறதா என்று பார்த்தேன்.
மூடியிருந்தது.
முன்னெழுத்துத்தான் பிழை:
க. இராசநாயகமா, சு. இராசநாயகமா?
அதைச் சொல்ல எந்தத் திரையாலும் ஏலாது.
அவரிடமே கேட்க வேண்டும்.

இருபத்தேழு அங்குல அட்டை
காரின் முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பு ஆயிற்று.
அதற்கு அளவு சரி.